குடித்தவன் பேச்சும் குடிக்காதவள் கடனும்

வடசென்னையில் ஒருவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் போலீஸிடம் பிடிபட்டால், மறுநாள் தெருவில் புழங்கும் வாக்கியம் ஒன்றுதான்: "இன்னாமோ நேரம் சரியில்ல, மாட்டிக்கினான்." அம்மா மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போடுவாள். பைக் ஹேண்டில்பாரில் புதிதாக ஒரு கறுப்புக் கயிறு ஏறும். வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் அவன் பெயருக்கு ஓர் அர்ச்சனை நடக்கும். இத்தனை பரிகாரத்துக்கு நடுவில் ஒரு சொல் மட்டும் யார் வாயிலும் வராது: குடித்தான்.

குடித்தது அவன். சாவியைத் திருகியது அவன். கிளட்சைப் பிடித்தது அவன். ஆனால் தெரு சொல்லும் வாக்கியத்தில் அவன் செய்தது எதுவுமில்லை, அவனுக்கு நேர்ந்தது மட்டும்தான் இருக்கிறது. தன் கை செய்த வினைக்குத் தானே எழுவாயாக நிற்பதுதான் பகுத்தறிவின் முதல் பாடம் என்று நான் நினைக்கிறேன். சாமி உண்டா இல்லையா என்று விடிய விடிய வாதாடிவிட்டு, பிடிபட்டதும் "என் நேரம்" என்று புலம்புகிற நாத்திகரையும் நான் பார்த்திருக்கிறேன்.

நேரத்தை விடுவோம். கணக்குப் பார்ப்போம்.

விம்கோ நகரில் குடியிருக்கும் ஒரு ட்ரெய்லர் டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பள்ளிக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் ஏற்றிப் போகிறவர். ஒருநாள் வேலை முடிந்து, தன் சொந்த பைக்கில் வீட்டுக்கு வரும் வழியில் கடையில் நிற்கிறார். எம்.எஃப்.எல். பக்கமோ தேரடிப் பக்கமோ போலீஸ் கருவியை நீட்டி ஊதச் சொல்கிறது. வாழ்க்கையில் முதல் தடவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவின்படி, முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019இல் சட்டம் திருத்தப்படுவதற்கு முன்பு அதிகபட்சமே 2,000தான். சென்னையில் பத்தாயிரம் 2022 அக்டோபர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவதுபோல ரோட்டிலேயே கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போகிற விஷயமல்ல இது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். வண்டி ஸ்டேஷனில் நிற்கும். நீதிமன்றத்துக்கு அலைகிற ஒவ்வொரு நாளும் சம்பளமில்லாத நாள்.

பின்னால் உட்கார்ந்து வந்த நண்பருக்கும் விடுதலை இல்லை. குடித்தவன் ஓட்டுகிறான் என்று தெரிந்தே ஏறி உட்கார்ந்தவர் குற்றத்துக்கு உடந்தை. 188ஆவது பிரிவில் அவர் மேலும் வழக்குப் போடுவோம், அதே பத்தாயிரம் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2022இலேயே அறிவித்துவிட்டது. ஒரே பைக், இரண்டு பேர், இருபதாயிரம்.

இனி லைசென்ஸ். சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, குடித்துவிட்டு ஓட்டுகிறவரின் லைசென்ஸை மூன்று மாதத்துக்குக் குறையாமல் முடக்க வேண்டும் என்று 2015இல் மாநிலங்களுக்குச் சொன்னது. ஓர் அலுவலக ஊழியருக்கு அது மூன்று மாதத் தொந்தரவு, பஸ்ஸில் போய்வருவார். நம் ட்ரெய்லர்காரருக்கு அது மூன்று மாத வருமானம். பைக்கில் பிடிபட்டாலும் லைசென்ஸ் ஒன்றுதானே! துறைமுகம் போகும் எக்ஸ்பிரஸ் சாலையில் எத்தனை கன்டெய்னர் வண்டிகள் வரிசையில் நின்றாலும், ஓட்டுகிற உரிமை இல்லாதவரை எந்த முதலாளி வண்டியில் ஏற்றுவார்?

இவ்வளவும் ஒரு கீறல்கூட விழாத இரவின் கணக்கு. இடித்திருந்தால் கணக்கு வேறு. குடித்திருந்தார் என்று நிரூபணமானால், சொந்த வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம். உரிமையாளரே ஓட்டி இறந்தால் குடும்பத்துக்கு வர வேண்டிய 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் கிடைக்காமல் போகலாம். அடிபட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கட்டட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்வது உண்டு. அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும்.

இப்போது நான் கேட்க வந்த கேள்வி. பிடிபட்ட அந்தப் பத்தாயிரத்தை யார் கட்டுகிறார்கள்?

குடித்தவரிடம் பத்தாயிரம் இருக்காது. இருந்தால் அது கடைக்குப் போயிருக்கும். பணம் வருவது மனைவியின் பக்கத்திலிருந்து. மகளிர் குழு லோனில் ஒரு பகுதி, அடகுக்கடைக்குப் போகும் கம்மல், இல்லையென்றால் தண்டல். தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, கொடுக்கும்போதே ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ பிடித்துக்கொள்வார். பிறகு நூறு நாள், நாளுக்கு நூறு ரூபாய். தினமும் மாலையில் வாசலில் வந்து நிற்கிற அவருக்கு முகம் கொடுப்பது யார்? வீட்டு வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருக்கும் அந்தப் பெண். குடித்தது ஓர் இரவு. குடிக்காதவள் அதற்கு நூறு மாலை கட்டுகிறாள். தண்டனை அடைந்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால் அபராதத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டுகிறவர் சாலையில் போகும் ஒவ்வொருவரின் உயிரையும் கேட்காமல் பணயம் வைக்கிறார். திருவொற்றியூர் ஹை ரோட்டில் ட்ரெய்லர்களுக்கு நடுவில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் இதில் இரக்கம் பேச மாட்டார்கள்.

"நான் ஸ்டெடியாதான்மா கீறேன்" என்பார் அவர். குடித்தவன் பேச்சு விடிந்தால் போச்சு என்பது நம் பழமொழி. போதையில் கொடுத்த வாக்கை நம்பாதே என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்க்கிற நாம், போதையில் ஒருவன் தன் நிதானத்துக்குத் தானே கொடுக்கும் சான்றிதழை மட்டும் எப்படி நம்புகிறோம்? சாராயம் கையையும் காலையும் தொடுவதற்கு முன்பே, எடைபோடுகிற புத்தியைத் தொட்டுவிடுகிறது. பழுதான தராசு தன்னைத்தானே நிறுத்துப் பார்த்து "சரியாக இருக்கிறேன்" என்கிறது.

சட்டம் வைத்திருக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் ஏறத்தாழ 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆண் இதைச் சட்டென்று குடித்தால் ரத்தத்தில் ஏறுவது சுமார் 130 மில்லிகிராம், சட்ட அளவைப்போல நான்கு மடங்குக்கு மேல். ஈரல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது சராசரியாக 15 மில்லிகிராம். ராத்திரி ஒன்பது மணிக்குக் குடித்தவர் சட்டப்படி ஓட்டத் தகுதியாவது விடியற்காலை நான்கு மணி வாக்கில். "கட்டிங்தான் போட்டேன்" என்பவரும் தப்ப முடியாது. அந்தத் தொண்ணூறு மில்லியே அளவைப்போல இரண்டு மடங்கு. மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் தண்ணீர், பாக்கு, புதினா மிட்டாய் எதுவும் ஈரலின் வேகத்தைக் கூட்டாது. கருவி அளப்பது வாய் நாற்றத்தை என்று நினைத்துத்தான் மிட்டாய் மெல்லுகிறார்கள். அது அளப்பது ரத்தத்திலிருந்து நுரையீரலுக்குள் வரும் ஆல்கஹாலை. சுற்றிப்போட்ட மிளகாயும் புதினா மிட்டாயும் ஒரே ஜாதி நம்பிக்கைகள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். 2024-25இல் அதனால் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய், நாளொன்றுக்கு 130 கோடிக்கு மேல். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்ன வழக்கின் பெயரே "தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு". 2017 ஜூலையில் அதே நீதிமன்றம், நகராட்சி எல்லைகளுக்குள் அந்தத் தடை பொருந்தாது என்றது. விம்கோ நகர் இருக்கும் திருவொற்றியூர் 2011இலேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆக, இந்தப் பகுதிக்கு அந்த 500 மீட்டர் பாதுகாப்பு கிடையாது. கடை வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகளை யார் வேண்டுமானாலும் போய் எண்ணிப் பார்க்கலாம். அவை எப்படி வீடு திரும்பும் என்று தெரியாத அதிகாரி எவரும் இல்லை. பத்து மணி வரை விற்றுவிட்டுப் பத்தரை மணிக்குச் சாலையில் நின்று ஊதச் சொல்வது சட்டப்படி சரி. அறத்தின்படி சரியல்ல.

ஆனால் அரசின் குற்றம் குடித்தவரின் குற்றத்தைக் கழுவாது. "அவன் விக்கிறான், நான் குடிக்கிறேன்" என்பது "நேரம் சரியில்ல" என்பதன் இன்னொரு வடிவம். இங்கும் எழுவாய் வேறு யாரோ.

சரி, தண்டனையை வேறு எப்படி அமைக்கலாம்? விம்கோ நகருக்குப் பெயர் தந்தது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. அதைத் தொடங்கியது ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம். அந்த ஸ்வீடனிலும் மதுவைச் சில்லறையில் விற்பது பெரும்பாலும் அரசுக் கடைதான். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு கடையே கிடையாது. ஓட்டுநருக்கு அங்கே அனுமதி 30 அல்ல, 20 மில்லிகிராம். அபராதமோ வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 1931 முதல் உள்ள முறை. இத்தனை நாள் அபராதம் என்று நீதிமன்றம் சொல்லும், ஒரு நாளுக்கான தொகை அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. கூலிக்காரருக்கு அவர் கூலியளவும் முதலாளிக்கு அவர் வருமானத்தளவும் வலிக்கும். இங்கே பத்தாயிரம் என்பது காரில் வருபவருக்கு ஓர் இரவு ஹோட்டல் பில், எண்ணூரில் சுமை தூக்குகிறவருக்குப் பல வாரக் கூலி. ஒரே குற்றம், ஒரே தொகை, இரண்டு வேறு தண்டனைகள். இதை நாம் சமநீதி என்று அழைக்கிறோம். வருமானத்தோடு பொருந்திய அபராதம் வேண்டும். அதை மனைவியின் கடனாக மாற்ற முடியாதபடி, அவரவர் உழைப்பால் கழிக்கும் வழியும் சட்டத்தில் வேண்டும்.

அதெல்லாம் வரும்போது வரட்டும். கூடவே உட்கார்ந்து குடிக்கிற நண்பரே, இன்று இரவு நீங்கள் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. பின்சீட்டில் ஏறாதீர்கள். அவர் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். விம்கோ நகருக்கு மெட்ரோ இருக்கிறது, மின்சார ரயில் இருக்கிறது, ஷேர் ஆட்டோ இருக்கிறது. வண்டி கடைப் பக்கமே நிற்கட்டும். விடிந்த பிறகு நடந்து போய் எடுத்து வரச் சொல்லுங்கள்.