அடையாளமும் தராசும்

யுகமுடிவுக்கு முன் போரும் பஞ்சமும் பூகம்பமும் உண்டாகும் என்று கிறிஸ்தவர்களின் மத்தேயு சுவிசேஷம், 24-ஆம் அதிகாரம் கூறுகிறது. நாமும் கியாமத்தின் அடையாளங்களை ஓதியவர்களே. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் ஒரே நாளில் கடல் தாக்கியபோது, பினாங்கில் மட்டும் 52 பேர் மாண்டனர். அத்தகைய துயரத்தில் 'இதோ முடிவு' என்று நெஞ்சம் பதறுவது இயல்பே.

ஆயினும் அடையாளம் வேறு, தேதி வேறு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22-ஐ முடிவு நாளென நம்பினர். சிலர் விளைந்த பயிரையும் அறுக்காது விட்டனர். அந்நாளும் வந்து போயிற்று.

அந்த நாளை எவரும் அறியார் என்று அதே அதிகாரமே சொல்கிறது. அந்த அறிவு அல்லாஹ்விடமே உள்ளது என்பது திருக்குர்ஆனின் போதனை. ஏன் மறைக்கப்பட்டது? தேதி தெரிந்தால், முதல் நாள்வரை தராசை அழுத்தி நிறுத்துவிட்டுக் கடைசி நாளில் தவ்பா செய்யலாமென்று மனம் கணக்குப் போடும். எஜமான் வரத் தாமதமாகும் என்றெண்ணி, உடன் ஊழியரை அடித்த வேலைக்காரனின் உவமையும் அந்த அதிகாரத்தில் உண்டு.

கையில் கன்று இருக்கும்போது கியாமத்து வந்தாலும், இயன்றால் அதை நட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆகவே, கொடுக்க வேண்டிய கடனையும் வேலையாள் சம்பளத்தையும் இன்றே கொடுப்போம்; நாளை கடை திறக்கவும் ஆயத்தமாயிருப்போம்.