ஆட்டுக்கு அளவு உண்டு

“இயற்கையா வெளைஞ்சது, ஒண்ணும் செய்யாது” என்று மணவாளக்குறிச்சிக்காரர் யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது. கடற்கரை மணலிலேயே, கதிர்வீச்சுள்ள தோரியம் கலந்த மோனசைட் கிடக்கிற ஊர் இது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். அருமணல் ஆலை வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அந்தக் கதிர்வீச்சு இங்கே இருந்தது. இயற்கைக்கு நம்மேல் தனி அக்கறை எதுவும் கிடையாது என்று இந்த ஊருக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

பயறும் அப்படித்தான். பூச்சியும் விலங்கும் தின்று தீர்க்காமலிருக்கவே செடி தன் விதையில் நஞ்சை வைக்கிறது. ராஜ்மா பயறை வேகவைக்காமல் நாலைந்து தின்றாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்த நஞ்சு அடங்கிவிடும். நம் வீடுகளில் மரச்சீனிக்கிழங்கு வெந்ததும் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோமே, அது சயனைடுக்கான காப்பு. மேற்கு மலைகளில் காணிக்காரப் பழங்குடிகள் பூனைக்காலி விதையைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் கொட்டிய பிறகே தின்பார்கள். நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் லெவோடோபா அந்த விதையில் ஏராளம்; அளவு மீறினால் குமட்டலும் மனக்குழப்பமும் வரும். யாரோ பட்டுத் தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த அறிவு அது. அதைப் பகுத்தறிவு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

கால்நடைக்கும் கணக்கு வைத்திருக்கிறோம். சூபாபுல் மரத்தின் தழையில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. குதிரை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிப்போகும். அந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் இருந்தது. 1980-களில் அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆட்டுக்கு அந்தத் தழையைப் போடும்போது தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதே என்று நம்மூரிலும் சொல்கிறார்கள்.

ஆட்டுக்கு இவ்வளவு கணக்கு. மனிதனுக்கு?

மத்தியப் பிரதேசத்தின் ரீவா, சத்னா பக்கத்தில் கொத்தடிமைகளுக்குக் கூலியாக அளந்தது கேசரிப் பருப்பு. வறட்சியிலும் காய்க்கும், மலிவு. சாப்பாட்டில் பெரும்பங்கு அதுவாகவே இரண்டு மூன்று மாதம் போனால் கால் விறைத்துவிடும். நன்றாக இருந்த இளைஞனுக்கு ஒருநாள் கெண்டைக்கால் இறுகும். பிறகு முழங்கால்கள் ஒன்றோடொன்று பின்ன, கால்விரல் நுனியில், கோலூன்றி நடப்பான். முற்றிப்போனால் தவழ்வான். போன கால் திரும்பாது. 1844-இல் வெளியான தன் நூலிலேயே ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன் இதை எழுதிவிட்டார். 1961-இல் விற்பனைக்குத் தடை வந்தது. 1964-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தார் அந்தப் பருப்பிலுள்ள நஞ்சைப் பிரித்தும் காட்டினார்கள். பெரும்பாலான மாநிலங்கள் தடையை ஏற்றன. அந்தப் பயிர் மண்டிக்கிடந்த மத்தியப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஏற்கவில்லை.

அதே பருப்பைக் கோதுமையோடும் பாலோடும் கொஞ்சமாகத் தின்றவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. காசு போட்டு வாங்கிய மாடு முடங்கினால் நிலக்காரனுக்கு நட்டம். கூலிக்காரன் முடங்கினால் அவன் மகன் வேலைக்கு வருவான். இதைச் செடியின் குற்றம் என்று சொல்கிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

2016-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நிபுணர்கள் நஞ்சு குறைந்த மூன்று கேசரி ரகங்களுக்கு இசைவு சொன்னார்கள். விதை வரட்டும், விஞ்ஞானிகளின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அதைத் தின்னப்போகிறவன் வீட்டில் கூடவே அரிசி இருக்குமா, துவரை இருக்குமா, அவன் கூலி பணமாகக் கைக்கு வருமா? இவற்றைக் கேட்காமல் அனுமதிக் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரி, ஆறு மாதம் அந்தப் பருப்பையே தன் வீட்டு உலையில் போடச் சம்மதிப்பாரா என்று நான் கேட்கிறேன்.