இந்த ஆண்டும் இருக்கட்டும்



நம் தாமான் வீடுகளில் வாசல் சிறியது. பக்கத்து வீட்டுச் சுவரும் கார் நிற்கும் கூரையும் பாதி வெயிலை மறைத்துவிடும். அங்கே இட்லிப்பூச் செடி வைத்தால் பூ குறைந்துபோகும்; அதற்கு நல்ல வெயில் வேண்டும். நந்தியாவட்டைக்குக் காலை வெயில் கொஞ்சம் பட்டால் போதும். வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். ஆனாலும் சில வீடுகளில் அது இலையாகவே தழைக்கும். ஒரு மொட்டும் இராது. நிழல் கூடியிருக்கலாம், உரம் மிஞ்சியிருக்கலாம். "பூக்காத செடி எதற்கு, பிடுங்கிப் போடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

தவக்காலத்து மூன்றாம் ஞாயிறான இன்று, லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் அதே பேச்சைக் கேட்டோம். மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்த உரிமையாளர் அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ, சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன், இந்த ஆண்டும் இருக்கட்டும் என்று மன்றாடுகிறார்.

மலாக்கா மக்களாகிய நமக்கு வெட்டுவது என்றால் என்னவென்று தெரியும். 1896இல் டான் சே யான் என்பவர் இங்கே புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிபத்துக்காக ரப்பர் பயிரிட்ட தொடக்கம் அது. பிறகு பெருகிய தோட்டங்களுக்குத்தான் நம் பாட்டன் பாட்டிமார் வந்தார்கள். 25, 30 ஆண்டுகள் ஆகிப் பால் குறைந்தால் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளும் காலியாயின. வேலை முடிந்தால் இடமும் முடிந்தது என்ற கணக்கு நம் பெற்றோரின் மனத்தில் ஆழமாகத் தைத்திருக்கிறது.

அந்தக் கணக்கை நாமும் நம் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோமா? குடியை விட முடியாத தம்பி, கோயில் பக்கமே வராத மகன், பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணி... யாரை "இனி இது தேறாது" என்று மனத்துக்குள் வெட்டிவிட்டோம்? உங்களில் சிலர் உங்களையே அப்படி வெட்டிக்கொண்டு, பின்வரிசையில் தலைகுனிந்து நிற்கிறீர்கள். அதையும் பார்க்கிறேன்.

அன்பானவர்களே, அந்தத் தோட்டக்காரரைப் போல நமக்காகப் பரிந்து பேசுகிறவர் இயேசு. அவர் தூரத்தில் நின்று பேசுவதில்லை. மண்ணில் மண்டியிட்டு, தம் கையாலேயே எரு வைக்கிறார். உங்கள்மேல் விழும் நிழலின் அளவும் அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு முன் ஒப்புரவு அருளடையாளத்துக்காக உட்கார்ந்திருப்பேன். வருடக்கணக்கில் வராதவர்களும் வாருங்கள். என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நானே கேட்டுத் தொடங்குகிறேன்.