மகள் போடும் கையெழுத்து

தகப்பனார் உயில் எழுதாமல் கண்ணை மூடிவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றிதழ் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். தாலுகா அலுவலகம் தரும் அந்தத் தாளில் மனைவி, மகன், மகள் பெயர்கள் வரிசையாக இருக்கும்; இறந்தவரின் தாயார் இருந்தால் அவர் பெயரும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தகப்பனார் சம்பாதித்த சொத்தில் இத்தனை பேருக்கும் சம பங்கு. சில மாதம் கழித்து இன்னொரு தாள் வரும்: விடுதலைப் பத்திரம். மகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்து, கேமராவைப் பார்த்து, "முழுச் சம்மதத்தோடதான் எழுதித் தர்றீங்களா?" என்ற கேள்விக்குத் தலையாட்டிவிட்டு வருவாள். வீடு அண்ணன் பெயருக்குப் போய்விடும்.

யாரும் மிரட்டவில்லை, ஏமாற்றவும் இல்லை. அப்படியிருக்க இதில் அநீதி உண்டா?

இல்லை என்பவர்களிடம் காரணம் இருக்கிறது. "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, வளைகாப்பு, பிரசவம் எல்லாம் பார்த்தாச்சு, அம்மாவை வெச்சுப் பாக்கறது பையன்தானே?" இதைத் தள்ளிவிட முடியாது. முதியவரைப் பத்து வருடம் தூக்கி உட்கார வைத்தவருக்கும், விடுமுறைக்கு வந்து போனவருக்கும் ஒரே அளவு என்பது கண்ணை மூடிக்கொண்டு போடும் கணக்கு. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் முழுதாகப் பார்க்க வேண்டும். கல்யாணத்தில் போட்ட நகை இன்று யார் கையில், எந்த அடகுக்கடையில்? மகனின் கல்லூரிக்குக் கட்டிய பணத்தை எவரும் பங்கில் கழிப்பதில்லையே, ஏன்? 1961-லிருந்து கொடுப்பதும் வாங்குவதும் குற்றமாக இருக்கும் வரதட்சணையை, பாகப்பிரிவினை நாளில் மகள் பெயரில் பற்று எழுதுவது விநோதம்தான். பார்த்துக்கொண்டவர் மகளாக இருக்கும் வீடுகளிலோ, "பார்த்துக்கொண்டவருக்கே வீடு" என்ற நியாயம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அப்பா சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956-லேயே வந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில், அதுவரை திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-இல் வழி திறந்தது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. இத்தனை வருடமாகச் சட்டம் கொண்டுவந்து சேர்த்ததை ஒரு முற்பகலில் திருப்பிக் கொடுத்துவிட முடிகிறது.

அவள் ஏன் கொடுக்கிறாள்? அண்ணன்தான் அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். காதுகுத்துக்கு மடி அவனுடையது. பொங்கல் வரிசை அவன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். நாளைக்குப் புகுந்த வீட்டில் ஒரு வார்த்தை வந்தால் போய் நிற்க அந்த வாசல் வேண்டும். பங்கைக் கேட்டவள் என்ற பெயரோடு அந்த வாசலை மிதிப்பது சுலபமில்லை. மனமார விட்டுக்கொடுக்கும் பெண்களும் உண்டு, அவர்கள் கொடுத்தது உண்மையான கொடை. ஆனால் முடியாது என்று சொல்லியிருந்தாலும் அடுத்த பொங்கலுக்கு வரிசை வந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். வந்திருக்காது என்றால் சார்பதிவாளர் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதிலில் சம்மதம் பாதிதான்.

இந்த இக்கட்டில் அவளைக் கொண்டு நிறுத்தியவர் அண்ணன் என்று சொல்வது வழக்கம். பெரும்பங்கு பொறுப்பு, எழுதாமல் போன தகப்பனுடையது. "என் காலத்துக்கு அப்புறம் அவங்களே பேசிக்கட்டும்" என்பது பெருந்தன்மை போலத் தோன்றும். உண்மையில் அவர் செய்யத் தயங்கிய முடிவு, மறுக்கவே முடியாத இடத்தில் இருக்கும் ஒருத்தியின் தலையில் விழுகிறது. வீடு மகனுக்குத்தான் என்று நினைத்தால் அதை அவரே எழுதி, மகளின் வருத்தத்தையும் இருக்கும்போதே வாங்கிக்கொள்ளலாம். சமமில்லாத உயிலில்கூட, முடிவு யாருடையது என்பதாவது ஒளிவு மறைவில்லாமல் இருக்கும். ஒரு பிள்ளையை ஒதுக்கும்போது காரணத்தையும் எழுதுவது நல்லது. இயல்பான வாரிசைக் காரணமில்லாமல் விலக்கிய உயில், வழக்கு என்று வந்தால் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படலாம். அது கிடக்கட்டும், ஏன் என்று தெரியாமலே ஒரு மகள் மீதி வாழ்நாளைக் கழிப்பது அதைவிடக் கொடுமை.

எழுதுவது பெரிய வேலையும் இல்லை. தெளிந்த மனநிலை, கையெழுத்து, அதைப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேர். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னால் உதவும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதிவிடுவதில் அந்த வசதி கிடையாது, கொடுத்தது கொடுத்ததுதான். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்து, பிள்ளை கைவிட்டால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு மீட்டுத் தர வழி செய்கிறது. அதற்காகத்தான் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்கிறார்கள்.

விடுதலைப் பத்திரத்தில் பல நேரம் இன்னொருவரின் கையெழுத்தும் இருக்கும்: அம்மாவுடையது. மகளைப் பற்றியாவது இரண்டு பேர் கேட்பார்கள். அம்மாவிடம், "எல்லாம் உன் பையனுக்குத்தானேம்மா" என்று சொல்லிப் பேனாவைக் கொடுத்துவிடுவார்கள். நாற்பது வருடம் புழங்கிய வீட்டில் அன்றிலிருந்து அவருக்குச் சட்டப்படி ஒரு செங்கல்லும் சொந்தமில்லை. மனைவி தன் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கலாம், அதற்கு முன் யாரும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற வாசகத்தை உயில் எழுதும் எந்தப் பத்திர எழுத்தரும் கேட்டால் சேர்த்துத் தருவார். கேட்க வேண்டியவர் கணவர்.