முக்கால் ரூபாயின் நியாயம்

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' (1934) கதையில், அடிபட்டுக் கிடக்கும் குதிரைவண்டிக்காரன் முருகேசன் பால்கஞ்சி கேட்கிறான். மில் தொழிலாளியான அவன் மனைவி அம்மாளு, ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். சந்துக்குள் நடந்ததைக் கதை காட்டுவதில்லை. கதைசொல்லி சட்டென நம் பக்கம் திரும்பி, கற்பு பேசுகிறவர்களைச் சாடுகிறார். அம்மாளு பேசுவதில்லை.

அந்த முடிவைக் கலகம் என்றே பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். தருமபுரி வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "தன் பசிக்காகப் போயிருந்தா, அவ பக்கம் நின்னிருப்போமா மேடம்?"

பதில் வரவில்லை. கணவனுக்காகப் போனதால்தான் அவளை மன்னித்திருக்கிறேன். தியாகம் செய்தவளுக்கு மட்டும் நியாயம் என்றால், அதுவும் கற்பின் இன்னொரு பெயர்தான். மன்னிக்க நான் யார்?