ஊதியம் பெறாதவர் யாருக்குக் கணக்குச் சொல்வது?

இரவு எட்டரை மணி. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இரண்டு மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டுக் கூட்டம் தொடங்குகிறது. பிறைத் தொழிற்பேட்டையில் பகல் வேலையை முடித்துக்கொண்டு, சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கிறார் ஒருவர். லாரிகள் வைத்துத் தொழில் நடத்துபவர் ஒருவர். பணி ஓய்வு பெற்ற தாதி ஒருவர். முன்னாள் மாணவர் இருவர். ஒழுகும் கூரை, வேலியோரத்து எல்லைக்கல், அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்கு வரவிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை என்று பேச்சு நகர்கிறது. குறிப்பெழுதும் வேலை என்னுடையது. அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுள் மாதச் சம்பளம் வாங்குபவன் நான் ஒருவனே. மற்றவர்கள் பள்ளி மேலாளர் வாரியத்தின் உறுப்பினர்கள்; ஒரு வெள்ளிகூடப் பெறாதவர்கள்.

ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட எனக்கு, இத்தகைய கூட்டம் முடிந்து செபராங் ஜெயாவிலுள்ள வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் ஒரு கேள்வி தோன்றும். ஊதியம் பெறுபவனைக் கேள்வி கேட்பது எளிது. வாங்கிய சம்பளத்துக்கு வேலை செய்தாயா என்று அரசும் கேட்கலாம், பெற்றோரும் கேட்கலாம். ஊதியமே பெறாமல் தம் நேரத்தையும் பணத்தையும் தருகிறவரை யார் கேட்பது? கேட்பது நன்றிகேடு ஆகாதா? கேட்காமல் விடுவது அறமா?

கேள்வி புதியதன்று. பினாங்கில் 1816ஆம் ஆண்டு ஹட்சிங்ஸ் பாதிரியார் முயற்சியால் தோன்றிய இலவசப் பள்ளியைத் தொடக்கத்தில் நடத்தியதே ஊர்ப் பெரியோர் குழு ஒன்றுதான். தமிழுக்கும் அங்கே ஒரு வகுப்பு வைத்தார்கள். இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை அந்த வகுப்பிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அறிந்த பள்ளி அதுவன்று, தோட்டத்துப் பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்டது. சட்டத்துக்காகத் திறந்த பள்ளிகளுள் பல, காலியாகக் கிடந்த கொட்டகையில் ஒரே ஆசிரியரோடு நடந்தன. அங்கே 'மேனேஜர்' என்றால் தோட்டத் துரைதான். வேண்டுமென்றால் பள்ளி, வேண்டாமென்றால் பிள்ளைகளுக்குப் பால்மரக் காட்டில் வேலை. அந்தத் துரையை யாரும் கேள்வி கேட்டதில்லை. இன்று பள்ளியின் மேலாளர் என்னும் அதே சொல், அன்று துரைக்குமுன் கைகட்டி நின்றவரின் பேரனுக்கு வழங்குகிறது. சொல் மாறவில்லை, சொல்லுக்குள் இருந்த அதிகாரத்தின் பழக்கம் முழுவதும் மாறிவிட்டதா என்பதில்தான் எனக்கு ஐயம்.

விடுதலை பெற்ற 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பர். இன்று 530ஐ ஒட்டி நிற்கிறது கணக்கு. பினாங்கு மாநிலத்தில் 28. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் மக்கள் வெளியேறியபோது பள்ளிகள் மூடப்பட்டன. சில, பட்டணத்துக்கு இடம் பெயர்ந்தன. எஞ்சியவற்றுள் பல 150 மாணவர்க்கும் குறைந்தவை. குறைந்த மாணவர் பள்ளிகள் என்று அரசு இவற்றைத் தனியே வகைப்படுத்தியிருக்கிறது. ஆசிரியர் சம்பளம் அரசு தருவது. ஆனால் பள்ளி நிற்கும் நிலம் அரசுடையதாக இல்லாவிட்டால், அது உதவி பெறும் பள்ளியாகவே இருக்கும். கட்டடத்துக்கும் பராமரிப்புக்கும் வாரியம் அலைய வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வாரியத்துக்கு இடம் வகுத்திருக்கிறது. அந்த இடத்தில் உட்காரும் மனிதனின் மனத்தை எந்தச் சட்டமும் வகுக்க முடியாது.

அந்த மனம் பற்றி நான் கற்றது ஒரு தவற்றின் வழியாக. பள்ளியின் பெயர் வேண்டாம். நான் இளம் தலைமையாசிரியனாகச் சென்ற சிறு பள்ளி அது. வாரியத் தலைவர் நல்ல மனிதர். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சொந்த உழைப்பால் உயர்ந்தவர். தொலைவிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரும் வேனுக்கு எண்ணெய்ச் செலவு அவருடையது. தண்ணீர்க் குழாய் உடைந்தால் நான் முதலில் அழைப்பது அவரைத்தான். பள்ளி நிலத்தில் வாரியம் கட்டிய சிறு மண்டபம் ஒன்று இருந்தது. திருமணங்களுக்கு அதை வாடகைக்கு விடுவார்கள். வாடகை வாரியக் கணக்கில் சேரும். கணக்கு அவர் சட்டைப்பையிலிருந்த சிறு குறிப்பேட்டில் இருக்கும். ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்தார். தொழிற்சாலை ஊழியர், மகன் மூன்றாம் வகுப்பு. "சார், மண்டப வாடகை இந்த வருசம் எவ்வளவு வந்துச்சு? அதுல பிள்ளைங்களுக்கு எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ள விரும்பும் குரல்தான்.

தலைவர் பதில் சொல்லவில்லை. எழுந்து நின்று, "இவ்வளவு செஞ்சும் என்னைத் திருடன்னு கேக்குறாங்க, வாத்தியாரே" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியேறினார். மறுநாள் பதவி விலகல் கடிதம் வந்தது. நான் அவர் வீட்டுக்குச் சென்று மன்றாடினேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தத் தாயை என் அறைக்கு அழைத்து, "அம்மா, ஒரு பெரிய மனிதரிடம் இப்படியா பேசுவது?" என்று கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. தலைவர் திரும்பி வந்தார், வேன் ஓடியது. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விட்டான். மாணவர் எண்ணிக்கை ஒன்று குறைந்ததாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'வீடு மாற்றம்' என்று நானே நிரப்பினேன்.

தலைவர் பணத்தை எடுத்தாரா? இல்லை என்றே இன்றும் நம்புகிறேன். வந்த வாடகையைவிட அவர் கைப்பணம் அதிகம் சென்றிருக்கும். ஆனால் என் தவறு அங்கேதான் தொடங்குகிறது. அவர் நல்லவர், ஆகவே கணக்கு வேண்டாம் என்று எண்ணினேன். பொதுப்பணத்தின் கணக்கு ஒருவருடைய குணத்துக்குச் சான்றிதழ் அன்று. நல்லவரும் கணக்குக் காட்டலாம். காட்டினால் அவர் நன்மை ஒரு தூசும் குறையாது.

திருவள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களாக வைத்தார். வகுப்பறையில் இவ்விரண்டையும் ஏறக்குறைய ஒரே பொருளாகக் கூறிவிட்டுக் கடந்து செல்வோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்தேன். அந்தக் கூட்டத்துக்குப் பின்னரே இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் எனக்கு விளங்கியது. ஈகையில் தருபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். கை மேலும் கீழுமாக இருக்கிறது. பெற்றவன் நன்றி சொல்வான். கேள்வி கேட்க மாட்டான். ஒப்புரவு அப்படியன்று. ஊரோடு ஒருவனாக இருப்பதால் செய்யவேண்டியதைச் செய்வது அது. ஊர்க் குளத்தைத் தூர்வார நானும் மண் சுமந்தேன் என்றால், குளம் என் கொடை ஆகாது. நான் குடிக்கும் குளம் அது. வாரிய உறுப்பினரின் உழைப்பு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வேனுக்கு எண்ணெய் ஊற்றும்போது அவர் ஈகையாளர். அதற்கு மாலையும் பொன்னாடையும் போடலாம், தவறில்லை. மண்டப வாடகையை எண்ணும்போது அவர் ஈகையாளர் அல்லர். பிறர் பொருளைக் காப்பவர். இரு வேடங்களும் ஒரே மனிதரிடம் இருப்பதால், முன்னதன் புகழ் பின்னதன் பொறுப்பை மூடிவிடுகிறது.

நம் மொழி இதை நன்கு அறிந்திருக்கிறது. தர்மகர்த்தா என்பதற்கு அறங்காவலர் என்று தமிழ் செய்துகொண்டோம். காவலர் என்றாலே காக்கப்படும் பொருள் தமதன்று என்பது தெளிவு. ஆனால் சொல் மட்டும் போதவில்லை. கோவில் நிலங்களும் வக்புச் சொத்துகளும் சீர்கெட்டுக் கிடந்த நிலையில், நீரிணைக் குடியேற்ற அரசு 1905இல் இஸ்லாமிய, இந்து அறக்கட்டளைகளுக்கெனச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. மறு ஆண்டு பினாங்கில் அதற்கு வாரியம் அமைந்தது. அன்றைய அறங்காவலர் எல்லாரும் தீயவர்களா? இருக்க முடியாது. கேட்பாரற்ற இடத்தில் நல்லவர்களின் காலத்திலும் பொருள் கரையும் என்பதே அந்தச் சட்டத்தின் பின்னணி என்று நான் வாசிக்கிறேன்.

இவ்வளவும் சொல்லி வாரியத்தாரை மட்டும் குற்றக் கூண்டில் நிறுத்துவது நேர்மையன்று. ஆசிரியர் குலத்துக்கும் ஒரு நோய் உண்டு. லண்டன் நகரத்து இஸ்லிங்டன் வட்டாரத்தில் வில்லியம் டின்டேல் என்றொரு தொடக்கப்பள்ளி. அக்காலத்தில் இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளி ஆட்சிக்குழுவினருக்கும் மேலாளர் என்றே பெயர்; நம் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1974இல் புதிதாக வந்த தலைமையாசிரியரும் உடனிருந்த ஆசிரியர் சிலரும், எதைக் கற்பது என்பதைப் பிள்ளைகளே தேர்ந்துகொள்ளும் புதுமுறையைக் கொண்டுவந்தார்கள். பெற்றோர் அஞ்சினர், பிள்ளைகளை விலக்கினர். மேலாளர்களுள் சிலர் ஆசிரியர்க்கு எதிராக விண்ணப்பம் தயாரித்துக் கையொப்பம் திரட்டினர். ஆசிரியர்களோ மேலாளர்களைப் பள்ளிக்குள் வராமல் தடுத்தார்கள். 1975இல் வேலைநிறுத்தம்; 1976இல் ஆல்ட் என்னும் வழக்கறிஞரின் விசாரணை அறிக்கை. அடுத்த ஆண்டு டெய்லர் குழு, கல்வி அதிகாரிகள், ஆசிரியர், பெற்றோர், ஊரார் ஆகிய நால்வகையினரும் சமமாக அமரும் ஆட்சிக்குழு வேண்டும் என்று பரிந்துரைத்தது. கற்பிக்கும் முறை எமக்குத் தெரியும், நீர் வெளியே நில்லும் என்ற ஆசிரியர் ஒரு பக்கம். வகுப்புக்குள் நிதானமாக அமர்ந்து பார்ப்பதற்கு முன் விண்ணப்பம் எழுதிய மேலாளர் மறுபக்கம். இடையில் பிள்ளைகளின் ஒன்றரை ஆண்டு போயிற்று.

அந்த ஆசிரியர்களை வாசிக்கும்போது என் முகமும் அதில் தெரிகிறது. கையெழுத்துப் போடும் வாரியம்தான் எனக்கும் பிடிக்கும். காசோலையை நீட்டினால் ஒப்பமிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கும் வாரியம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்தோம், கரும்பலகையில் எழுதும் முறை படித்தோம்; நம்மைவிடக் குறைவாகப் படித்த, ஆனால் பள்ளியை நம்மைவிட நெடுநாள் அறிந்த ஒருவரோடு சரிசமமாக உட்காரும் முறையை யாரும் கற்பிக்கவில்லை. நான் மாற்றலாகிப் போவேன். அவர் அந்த ஊரிலேயே இருப்பார்.

தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சியில் 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி நம் தலைமுறை ஆசிரியர்கள் வியந்து பேசுவதுண்டு. நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அம்மாநாடுகளில் ஊரார் மேசையும் கடிகாரமும் கட்டடமும் தந்தார்கள். அது ஈகையின் பொற்காலம். தந்தவர் பின்னர் ஆட்சிக்கு வந்து அமரவில்லை. பின்னாளில் இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்தபோது, உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்றது. பணம் தந்தவர் என்ற தகுதியை அது கேட்கவே இல்லை. பிள்ளையை அங்கே விட்டிருக்கிறாயா என்று கேட்டது. மண்டப வாடகையைக் கேட்ட அந்தத் தாய் அத்தகைய குழுவில் இருந்திருந்தால் அது கேள்வியாகவே இருந்திருக்காது. கூட்ட நிரலில் மூன்றாவது அங்கமாக இருந்திருக்கும்.

எனினும், பெற்றோரே எல்லாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பெற்றோர் இன்றைய பிள்ளைக்காகப் பேசுவர். வேறொரு தோட்டத்துப் பள்ளியில் பதினொரு பிள்ளைகள் எஞ்சியிருந்தபோது, பள்ளியின் பதிவைப் பட்டணத்து வீடமைப்புப் பகுதிக்கு மாற்றக் கேட்கலாமா என்று வாரியம் மூன்று இரவு பேசியது. மாற்றினால் நூறு பிள்ளைகள் வரக்கூடும். அந்தப் பதினொருவரோ விடிவதற்கு முன் பேருந்து ஏற வேண்டும். பெற்றோர் மாற்றக்கூடாது என்றார்கள்; அவர்கள் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. இன்னும் பிறக்காத பிள்ளைக்காகப் பேச அந்த அறையில் ஒரு முதியவர் மட்டுமே இருந்தார். அவருக்கு அங்கே பேரப்பிள்ளைகூட இல்லை. அவருடைய தகப்பனார் அந்தப் பள்ளியின் அத்தாப்புக் கூரையை வேய்ந்தவர். மாற்றலாம் என்று அவர் சொன்னபோது கண் கலங்கினார். அத்தகைய ஒருவரை எந்த விகிதாசாரத்தில் சேர்ப்பது?

கடந்த ஆண்டு, செபராங் ஜெயா மருத்துவமனையில் மருந்துக்காக எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சார், என்னைத் தெரியுதா?" என்றொரு குரல். அந்தத் தாய்தான். மகன் பொறியியல் படித்து வேலைக்குப் போய்விட்டானாம். நலம் விசாரித்தோம். அன்று கடிந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்தார். பிறகு, என் எண் திரையில் வருவதற்குச் சற்று முன், "அந்த மண்டப வாடகை, சார், கடைசியில எவ்வளவு வந்துச்சு?" என்றார்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தலைவர் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆயிற்று. குறிப்பேடு எங்கே என்று அவர் பிள்ளைகளிடம் கேட்க, இனித்தான் போக வேண்டும்.