ஆட்டுக்குக் கிடைத்த அவகாசம்

மிருகங்களை வைத்துச் செய்யும் மருத்துவச் சோதனைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் வலியை ஒரு தட்டிலும் பயனை இன்னொரு தட்டிலும் வைத்துவிடுகிறோம். இந்தத் தராசு எனக்குப் போதுமானதாகப் படவில்லை. செல்களிலிருந்து வளர்த்தெடுக்கும் ரத்தக் குழாய்களின் விஷயத்தில் நிறுக்க வேண்டியது வேறொன்று.

1999இல் டோக்கியோவில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, அவளுடைய சிரையிலிருந்தே எடுத்த செல்களைக் கரைந்துபோகும் ஒரு சாரத்தின்மேல் வளர்த்து, நுரையீரல் தமனியில் பொருத்தினார்கள். ஆட்டுக்குட்டிகளில் ஏற்கெனவே பார்த்த காரியம்தான். சாரம் கரையக் கரைய உடம்பு தன் குழாயைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தையோடு குழாயும் வளர வேண்டும். செயற்கைக் குழாய் வளராது.

பின்னர் அமெரிக்காவில், ஒரே ஒரு கீழறை மட்டும் சரியாக இயங்கும் இதயத்தோடு பிறந்த குழந்தைகளுக்கு இதே வகைக் குழாயைக் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையே வைத்தார்கள். ஆறு மாதத்துக்குள் குழாய் சுருங்குவது அடிக்கடி நேர்ந்தது. மருத்துவர்கள் பலூனை உள்ளே செலுத்தி விரித்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

விரிக்காமல் விட்டிருந்தால்? கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு ஒரு விசித்திரமான பதிலைச் சொல்லிற்று: சுருங்கிய குழாய் தானாகவே விரிந்துவிடலாம். குழந்தையிடம் இதைச் சோதிக்க யாருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது. ஆடுகளில் வைத்துப் பார்த்தார்கள். சுருங்கிற்று. விட்டார்கள். விரிந்தது. பெரும்பாலான ஆடுகள் இதைத் தாங்கிக்கொண்டன. 2020இல் முடிவு வெளியாயிற்று.

ஆடு இங்கே குழந்தைக்குப் பிரதியாக நின்றது என்று சொல்வது பாதி உண்மை. இரண்டின் ரத்த ஓட்டமும் ஒத்திருப்பது ஒரு பக்கம். ஆட்டை அப்படியே விட்டுவிட நமக்கு மனம் வந்தது என்பது இன்னொரு பக்கம். இரண்டாவது இல்லாமல் இந்த அறிவு கிடைத்திருக்காது. குறுக்கே கை நீட்டினால் சோதனையே கெட்டுவிடும். நம் அக்கறையின்மைதான் இங்கே கருவி. (இத்தகைய சோதனைகளில் கடைசியில் மிருகத்தைக் கொன்று குழாயை நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கம். குணமானதற்கும் அதே கதி.)

கணக்கே சொல்லிவிட்டதே, ஆடு எதற்கு என்று கேட்கலாம். சமன்பாட்டை நம்பி ஒரு குழந்தையின் குழாயை அப்படியே விடச் சொல்ல என்னால் முடியாது. ஆகவே நான் இந்தச் சோதனைக்கு எதிரி இல்லை. ஆனால் 'தியாகம்' என்ற வார்த்தையை என்னால் சகிக்க முடியவில்லை. ஆடு எதையும் கொடுக்கவில்லை, நாம் எடுத்துக்கொண்டோம்.

இனி அறிகுறி எதுவும் இல்லாத குழந்தையிடம் மருத்துவர் பலூனைக் கையில் எடுக்காமல், கண்காணித்தபடி காத்திருக்கலாம் என்கிறார்கள். பெற்றோர் காரணம் கேட்பார்கள். ஆடுகளில் சரியாயிற்று என்றுதான் பதில் சொல்ல முடியும். அதை 'ஆய்வுகள் காட்டுகின்றன' என்று மழுப்பாமல், ஆடு என்ற சொல்லை விழுங்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.